கழலும் திசை

வின்ச் என்னும் இழுவை இயந்திரத்தை வாங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது மோட்டாரைப் பற்றித்தான். எத்தனை குதிரைத்திறன், எத்தனை கிலோ இழுக்கும், கயிறு எத்தனை மீட்டர்? அது எதன்மேல் உட்காரப்போகிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். இயற்பியலுக்கோ அதுதான் முதல் கேள்வி. சேற்றில் புதைந்த வண்டியை வின்ச் 2,000 கிலோ விசையோடு இழுத்தால், அதே கணத்தில் அதே 2,000 கிலோ விசை வின்ச்சையும் அந்த வண்டியை நோக்கி இழுக்கிறது. கயிற்றின் ஒரு நுனிக்குக் கொஞ்சம், மறு நுனிக்கு நிறைய என்ற பாகுபாடு கிடையாது. ஆகவே மோட்டாரின் பலம் என்று நாம் கொண்டாடுவது, அதைத் தாங்கி நிற்கும் தகடும் வெல்டிங்கும் ஆணியும் அனுமதிக்கிற பலம்தான். மவுண்ட் எனப்படும் அந்த இருக்கை தாங்காத பலம் வின்ச்சுக்கு இருந்தும் பயனில்லை.

முன் பம்பரில் போல்ட் போட்டு நிரந்தரமாக இறுக்கிவிட்டால் இந்தக் கவலை பெரிதாக எழாது. கழற்றி வேறிடத்தில் மாட்ட நினைக்கும்போதுதான் எழும். அமெரிக்காவிலும் கனடாவிலும் காட்டையொட்டி வாழ்கிறவர்களின் பிக்கப் வண்டிகளில் இந்தத் தேவை அன்றாடமானது. சேற்றில் சிக்கிய தன் வண்டியை மீட்க வின்ச் முன்னால் இருக்க வேண்டும். வெட்டிய மரத்தைத் தோப்பிலிருந்து இழுத்துவர அதே வின்ச் பின்னால் இருக்க வேண்டும். படகை டிரெய்லரில் ஏற்றும் நாளில் டிரெய்லரின் தலைமாட்டில் வேண்டும். வேலை இல்லாத நாட்களில் மழையும் திருடரும் தொடாமல் வீட்டுக்குள் இருந்தால் நல்லது. இதற்காகச் செய்வதுதான் சட்டென்று மாட்டிச் சட்டென்று கழற்றும் மவுண்ட்.

அதைச் செய்யத் தொடங்குகிறவர் முன் ஒரு முரண் வந்து நிற்கிறது. ஸ்பேனர் இல்லாமல், ஒற்றைக் கையால், அரை நிமிடத்தில் கழல வேண்டும். இரண்டு டன் இழுக்கும்போதோ எந்தக் காரணத்துக்காகவும் கழலக் கூடாது. இரண்டும் ஒரே பொருளிடம் கேட்கப்படுகின்றன. எளிதில் கழலும் எதுவும் உறுதியாகப் பிடிக்காது என்று நம் பொதுப்புத்தி சொல்கிறது. எட்டு போல்ட் என்றால் நம்பிக்கை, ஒற்றைப் பின் என்றால் சந்தேகம். எளிமையைக் கூட்டினால் உறுதி குறையும், உறுதியைக் கூட்டினால் எளிமை குறையும் என்று இரண்டையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைத்தே பழகிவிட்டோம்.

வின்ச்சின் வரலாறே அந்தப் பழக்கத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவத்தின் உபரி ஜீப்புகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. நான்கு சக்கரங்களும் இழுக்கும் அந்த வண்டிகள் சேற்றில் சமர்த்து, தார்ச்சாலையில் சுமை. முன்சக்கரம் உருளும்போதெல்லாம் அதன் அச்சும் பல்சக்கரங்களும் வேலையில்லாமல் கூடவே சுற்றித் தேய்ந்தன. சியாட்டில் அருகே ஆர்தர் வார்ன் 1948-இல் தொடங்கிய நிறுவனம், வேண்டும்போது சக்கரத்தை அச்சோடு பிணைத்து வேண்டாதபோது பிரித்துவிடும் ஹப்புகளைச் செய்தது. அதே நிறுவனம்தான் 1959-இல் பொழுதுபோக்கு வண்டிகளுக்கான மின்சார வின்ச்சைக் கொண்டுவந்தது. பிரியத் தெரிந்த சக்கரம் சேற்றில் சளைத்ததில்லை. பிணைந்திருக்கும்போது அது பிணைந்தே இருந்தது.

இனி மவுண்ட்டுக்கு வருவோம். பிக்கப் வண்டிகளின் பின்புறத்தில் டிரெய்லர் மாட்டுவதற்காகச் சதுரக் குழாய் ஒன்று வாய் திறந்திருக்கும், ரிசீவர் என்பார்கள். பரவலாக உள்ள வகையில் அதன் உள்ளளவு 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். பக்கச் சுவர்களில் எதிரெதிராக இரண்டு துளைகள். 2 அங்குல வெளியளவுள்ள சதுரக் குழாயை வாய்க்குள் தள்ளி, துளைகளின் வழியே 5/8 அங்குலப் பின்னைக் குறுக்காகச் செருகி, நுனியில் ஒரு கம்பிக் கிளிப்பை மாட்டினால் வேலை முடிந்தது. அந்தக் குழாயின் வெளிமுனையில் கனமான தகட்டை வெல்டிங் செய்து, மூலைகளுக்கு முட்டுத்தகடு கொடுத்து, தகட்டின்மேல் வின்ச்சை அதற்குரிய போல்ட்டுகளால் நிரந்தரமாக இறுக்குகிறார்கள். தூக்கிச் செல்ல இரண்டு கைப்பிடிகள். வண்டியின் முன்புறச் சட்டத்திலும் டிரெய்லரிலும் இதே போன்ற ரிசீவரை வெல்டிங் செய்துகொண்டால், ஒரே வின்ச் எல்லா இடங்களிலும் உட்காரும்.

கடையில் வாங்கிய குழாயை ரிசீவராக்குகிறவருக்கு ஒரு சின்னச் சிக்கல் காத்திருக்கும். கால் அங்குலச் சுவருள்ள 2½ அங்குலக் குழாயின் உள்ளளவு கணக்குப்படி சரியாக 2 அங்குலம். ஆனால் குழாயை உருவாக்கியபோது ஓடிய வெல்டிங் தையல் உள்ளே ஒரு மேடாக நிற்கும். அதை நீள அரத்தால் ராவி எடுக்கும்வரை உள்குழாய் நுழையாது. எடுத்தபின்னும் துளிக்கூட ஆட்டம் இல்லாமல் பொருத்தினால் கழற்றும்போது பிடித்துக்கொள்ளும். மணலும் துருவும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே நல்ல மவுண்ட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். சாலையில் கடகடவென்று சத்தமும் வரும். முதல் இழுப்பில் கயிறு விறைத்ததும் ஆட்டம் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கி, சத்தம் நின்றுவிடும்.

இந்த அமைப்பில் வியக்க வேண்டிய இடம் பின்தான். விரலால் உருவி எடுக்கக்கூடிய ஒன்று எப்படி இரண்டு டன்னைத் தாங்குகிறது? பின் கழலும் திசை இடமிருந்து வலம். கயிறு இழுக்கும் திசை வண்டியின் நீளவாக்கில். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. நேராக இழுக்கும்வரை, இழுவை எத்தனை கூடினாலும் அதில் ஒரு கிராம்கூடப் பின்னை வெளியே தள்ளும் திசையில் விழுவதில்லை. கூடக் கூட, துளையின் விளிம்புகள் பின்னை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் நுனியில் மாட்டும் கிளிப் சில ரூபாய் பெறும் வளைந்த கம்பியாக இருந்தும் போதுமானதாகிறது. அதற்கு வந்த வேலை இழுவையைத் தாங்குவது அல்ல. அதிர்வில் பின் நழுவாமல் காவலிருப்பது.

மாட்டுவண்டி ஓடிய ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது புது அறிவாக இருக்காது. சக்கரம் அச்சைவிட்டு வெளியேறாமல் காப்பது அச்சின் நுனியில் செருகிய கடையாணி. மூட்டைகளின் பாரம் அச்சின்மேல் செங்குத்தாக இறங்குகிறது. சக்கரம் முன்னோக்கி உருள்கிறது. பக்கவாட்டில் நழுவப் பார்க்கும் சிறு விசையை மட்டும் கடையாணி தடுக்கிறது. வைக்கோல் கரியையும் எண்ணெயையும் குழைத்த வண்டி மையை அச்சில் தடவ வேண்டுமென்றால், பாரத்தை இறக்கி, முட்டுக் கொடுத்து, ஆணியைத் தட்டி எடுத்து, சக்கரத்தை உருவிவிடலாம். வண்டிப் பாரம் முழுவதையும் அந்த ஆணி சுமப்பதாக நினைத்திருந்தால் நம் தச்சர்கள் அதைப் பத்து மடங்கு பெரிதாகச் செய்திருப்பார்கள். பாரம் எந்தத் திசையில் வருகிறது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பின்னின் கணக்கையும் பார்த்துவிடலாம். கையில் தூக்கிச் செல்லும் வின்ச்சுகளில் 4,500 பவுண்டு வகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கயிறு சுற்றும் உருளையான டிரம்மில் முதல் அடுக்கு மட்டும் இருக்கும்போது அது இழுக்கும் அளவுதான் அந்த 4,500 பவுண்டு. சுமார் 2,040 கிலோ. மேலே அடுக்குகள் ஏற ஏற டிரம்மின் விட்டம் பெருகி, இழுவை குறையும். மவுண்ட் செய்பவர் கணக்கில் கொள்ள வேண்டியது முதல் அடுக்கின் முழு இழுவையை. பின் அறுபட வேண்டுமென்றால் ரிசீவரின் இரு சுவர்களை ஒட்டி இரண்டு இடங்களில் அறுபட வேண்டும். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் பாதிச் சுமை. அந்த 5/8 அங்குல (சுமார் 16 மில்லிமீட்டர்) சாதா எஃகுப் பின் ஓரிடத்தில் மட்டும் 2,800 கிலோ வரை நிலைமாறாமல் தாங்கும். அதற்கு வருவதோ 1,020 கிலோ. பின்னைப் பொறுத்தவரை கவலைக்கே இடமில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. இழுவை நேராக வராமல் பக்கவாட்டில் வந்தால் சுமை முழுவதும் உள்குழாயை வளைக்கப் பார்க்கும். ரிசீவரின் வாயிலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி டிரம் இருக்கிறது, முழு இழுவையும் குறுக்காக விழுகிறது என்று வைத்துக்கொண்டால், வளைவுத் திருப்புத்திறன் 4 கிலோநியூட்டன்-மீட்டர். கால் அங்குலச் சுவருள்ள 2 அங்குலச் சாதா எஃகுக் குழாய் வளையத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய அதுதான். பின் சிரமமின்றித் தாங்கும் அதே இழுவையில் குழாய் கோணிப்போகிறது. அறிந்தவர்கள் வின்ச்சை ரிசீவரின் வாய்க்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைப்பார்கள். கயிற்றின் கோட்டைக் குழாயின் மையக்கோட்டுக்கு அருகே கொண்டுவருவார்கள். பக்கவாட்டில் இழுக்க நேர்ந்தால், ஒரு கப்பியை மரத்தில் கட்டிக் கயிற்றின் போக்கை நேராக்கிக்கொள்வார்கள். எந்தப் பிணைப்பும் எல்லாத் திசையிலும் உறுதியானது அல்ல. எந்தத் திசையில் தன்னை நம்பலாம் என்பதை அது தன் வடிவத்திலேயே சொல்லிவிடுகிறது.

இப்போது அந்தப் பழைய தராசுக்குத் திரும்பிப் பார்த்தால் அதன் பிழை தெரியும். இழுவிசை செல்லும் அதே திசையில் கழலும் மவுண்ட் ஒன்றைக் கற்பனை செய்வோம். சிறகு நட்டைத் திருகி இறுக்கும் அமைப்பு. அல்லது இழுக்கும் பக்கத்தை நோக்கி வாய் திறந்த கொக்கியும் அதைப் பிடித்துக்கொள்ளும் தாழ்ப்பாளும். இங்கே இழுவை ஒவ்வொரு முறையும் கழற்றும் வேலையைத்தான் செய்து பார்க்கிறது. அதை எதிர்க்க நட்டை இன்னும் இறுக்க வேண்டும், தாழ்ப்பாளை இன்னும் தடிப்பாக்க வேண்டும். இறுக்க இறுக்கக் கழற்றுவது கடினமாகும். உறுதியும் எளிமையும் இந்த அமைப்பில் உண்மையாகவே பகையாளிகள். ஆனால் அந்தப் பகையை உண்டாக்கியவர் இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்திவைத்தவர்.

மின்சாரமும் இதே பாடத்தைத்தான் வேறு குரலில் சொல்கிறது. இந்த வகை வின்ச்சின் மோட்டார் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து முழுச் சுமையில் 200 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கேற்ற தடித்த ஒயர், நடுவே பிரேக்கர், வண்டியின் முன்னும் பின்னும் பிளக் ஒன்று. பெரும்பாலும் ஆண்டர்சன் பிளக் போடுவார்கள். அதில் இரு பாதிகளும் ஒரே வார்ப்பு. ஒரே அளவும் நிறமும் உடைய எந்தப் பாதியையும் எந்தப் பாதியோடும் இணைக்கலாம். கையால் இழுத்தால் பிரிந்துவிடும். ஆனால் மின்னோட்டம் ஓடும்போது பிரித்தால் பொறி பறந்து தொடுமுனை கருகும். ஆகவே முறை என்னவென்றால், மோட்டாரை ரிமோட்டின் பொத்தானால் நிறுத்த வேண்டும், அதன்பின் பிளக்கைப் பிரிக்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்துவது ரிலேயின் வேலை. பிரிவது பிளக்கின் வேலை.

பின்னுக்கும் இதே முறைதான். கயிறு விறைத்து நிற்கும்போது பின்னை உருவிப் பாருங்கள், அசையாது. சுத்தியலால் அடிக்கலாம். அடித்தால் பின்னின் நுனி பிதுங்கி, துளை கிழிந்து, அடுத்த முறை மாட்டுவதும் கடினமாகும். கடைசி அடியில் பின் பறந்து, வின்ச்சும் கயிறும் எங்கே பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. செய்ய வேண்டியது சுலபமானது: சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கயிற்றைச் சற்று விட்டுத் தளர்த்த வேண்டும். அந்தக் கணமே பின் விரலுக்கு இசையும். மனிதர்களுக்கிடையே நடக்கும் பிரிவுகளில் கோரமானவை பெரும்பாலும் விறைத்த கயிற்றின்மேல் சுத்தியல் விழுந்தவைதான். பிரிந்ததே அங்கே தவறு என்று சொல்வதற்கில்லை. பாகம் பிரிக்கும் அண்ணன் தம்பிகள் கோபம் உச்சத்தில் இருக்கும் நாளில் உட்கார்ந்தால் வீட்டோடு உறவும் பிளக்கிறது. தளர்வு வரக் காத்திருந்து உட்கார்ந்தவர்கள், பிரிந்த பின்னும் ஒரே பந்தலில் பந்தி பரிமாறுகிறார்கள்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சில பிணைப்புகள் சுமை இருக்கும்போதே கழல வேண்டியவை. வான்குதிப்பவரின் முதன்மைப் பாராசூட் முறுக்கிச் சிக்கிக்கொண்டால், அது அவரை இழுத்துச் சுழற்றும் நிலையிலேயே அதை உதறிவிட்டு மாற்றுப் பாராசூட்டைத் திறக்க வேண்டும். தளர்வு வரும்வரை காத்திருந்தால் தரை வந்துவிடும். அதற்காக 1970-களில் பில் பூத் மூன்று வளையங்களைக் கொண்ட ஒரு பூட்டை உருவாக்கினார். பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சிறு வளையம் என மடித்துக் கோத்ததில், உடலின் மொத்தச் சுமை ஒவ்வொரு வளையத்திலும் பல மடங்கு குறைந்து, கடைசியில் ஒரு மெல்லிய கயிற்றுக் கண்ணியில் வந்து நிற்கிறது. கண்ணியைத் தாங்கும் கேபிளை ஒரு கையால் உருவினால் எல்லாம் அவிழ்ந்துவிடும். இங்கும் கேபிளை உருவும் திசையில் சுமை இல்லை. சுமையைச் சிறிதாக்கிய பிறகே அதைக் கேபிளிடம் ஒப்படைக்கிறார்கள். அடிக்கிற கணவனிடமிருந்து, கொத்தடிமை வேலையிலிருந்து வெளியேற வேண்டியவரிடம் தளர்வுக்குக் காத்திரு என்று சொல்வது கொடுமை. அவருக்குத் தேவை சுமையின் நடுவிலேயே இழுக்கக்கூடிய கைப்பிடி. சட்டமும் புகலிடமும் கையில் கொஞ்சம் பணமும் அந்தக் கைப்பிடிதான். அதை முன்கூட்டியே செய்துவைப்பது சமூகத்தின் கடமை.

கழற்றாமல் விடுவதாலும் ஒரு கேடு வரும். மாட்டியபடியே மழையிலும் உப்பு தூவிய பனிச்சாலையிலும் ஆண்டுக்கணக்கில் விட்ட மவுண்ட்டில் பின்னும் குழாயும் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவருக்கு அது அசைக்க முடியாத பிணைப்பாகத் தோன்றும். உண்மையில் அது எங்கே அரித்திருக்கிறது, எங்கே விரிசல் கண்டிருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. கழற்றினால்தானே பார்க்க முடியும்? அவ்வப்போது உருவி, துடைத்து, கிரீஸ் தடவி, வெல்டிங்கின் ஓரங்களை நோட்டமிட்டு மீண்டும் செருகும் பின்தான் நம்பிக்கைக்குரியது. கழலாததெல்லாம் உறுதி என்று எண்ணும் மனம், துருவையும் உறுதி என்றே எண்ணும். எத்தனையோ அமைப்புகளும் கட்சிகளும் குடும்பங்களும் துருவால் மட்டுமே நிலைத்திருக்கின்றன. அவற்றில் ஒட்டியிருப்பவர்கள், தாங்கள் விசுவாசமாக இருக்கிறோமா, துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டோமா என்று தாங்களே அறியமாட்டார்கள்.

நன்றாகச் செய்த மனித ஏற்பாடுகளைப் பார்த்தால் அவற்றுக்குள்ளும் இந்தச் செங்கோணம் தெரியும். இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியை அரசு, கட்சிகள், பெரும்பணம், கூட்டத்தின் கூச்சல் என எத்தனையோ விசைகள் நாள்தோறும் இழுக்கின்றன. அரசமைப்பை எழுதியவர்கள் அவர் கழலும் வழியை அந்த விசைகள் எட்டாத திசையில் வைத்தார்கள். 65 வயது நிறைந்தால் விடைபெறுகிறார். எவர் அனுமதியும் வேண்டாம். நடுவில் நீக்க வேண்டுமென்றால், நிரூபிக்கப்பட்ட முறைகேடோ இயலாமையோ இருந்து, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிடிக்காத தீர்ப்பு ஒன்றைச் சொன்னதற்காக அவரை உருவ முடியாது. எளிதில் நீக்கக்கூடியவராக இருந்தால் அவர் நீதி சொல்ல முடியாது. நீக்கவே முடியாதவராக இருந்தால் அவர் அரசராகிவிடுவார். இரண்டுக்கும் நடுவே பாதியளவு உறுதி, பாதியளவு எளிமை என்று சமரசம் பேசுவதால் தீர்வு வராது. எளிமைக்கு வயது என்ற திசையையும், உறுதிக்குத் தீர்ப்பு என்ற திசையையும் தனித்தனியே கொடுத்ததால்தான் அது வந்தது.

நெருங்கிய உறவுகளிலும் இதுவேதான் நடக்கிறது. பிள்ளையின் காய்ச்சலும் தோல்வியும் அவமானமும் பெற்றோரை இழுக்கும்போது அவர்கள் அசைவதில்லை. அந்தத் திசையில் அவர்களுக்குக் கழலும் வழியே கிடையாது. அதே பிள்ளை வளர்ந்து வேறோர் ஊரை, வேறொரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கும்போது கைகள் தாமாகத் திறந்துவிடுகின்றன. சிலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துன்பத்தில் கழன்றுவிடுகிறார்கள், வளர்ச்சியில் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அவர்களிடம் பாசம் குறைவென்று சொல்ல முடியாது. பின்னைத் தவறான துளையில் செருகியிருக்கிறார்கள்.

எளிதாக விடத் தெரிந்தவரை நாம் பற்றில்லாதவர் என்கிறோம். விடவே மாட்டாதவரை உறுதியானவர் என்கிறோம். இரண்டு தீர்ப்புகளும் அவசரமானவை. ஒருவர் எவ்வளவு உறுதியானவர் என்று அறிய வேண்டுமென்றால், சுமை இழுக்கும் திசையில் அவரைச் சோதிக்க வேண்டும். எவ்வளவு சுதந்திரமானவர் என்று அறிய வேண்டுமென்றால், சுமை இறங்கிய பிறகு விலகும் திசையில் சோதிக்க வேண்டும். இந்த இரு சோதனைகளிலும் ஒரே மனிதர் முழு மதிப்பெண் பெற முடியும். ஒன்றுக்காக மற்றொன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. தாங்குவதும் விடுவதும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்று எண்ணுகிறவர் வாழ்நாள் முழுவதும் நடுவில் நின்று தடுமாறுவார். அவை இரண்டு வேறு கோடுகள் என்று கண்டவர், இரண்டிலும் எல்லைவரை போகலாம்.